பிரசெல்ஸ் கூட்டம் கூடும்வரை

வெள்ளி கனம் இழந்துகொண்டிருந்த காலத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே பனங்காடு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் உப்பங்கோடி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே மண்ணும் உப்பு, தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. அதனால் அந்த ஊர்ச் சனங்கள் தங்கள் சோற்றுக்கு உப்பைக் குறைத்துப் போட்டுக்கொண்டு, மற்ற ஊர்களின் சோற்றுக்கெல்லாம் உப்பு விளைவித்து அனுப்பினார்கள். உங்கள் நிலத்துக்குப் பத்திரம் எங்கே என்று அவர்களிடம் யாராவது கேட்டால் காலைக் காட்டுவார்கள்.

அது மரியாதைக் குறைவினால் அல்ல. உப்பளத்தில் பாத்தி என்பது நான்கு வரப்புக்குள் அடங்கிய களிமண் தரை. தை மாதத்தில் அதில் கடல்நீரை விட்டு நனைத்து, அந்தந்த வீட்டார் இறங்கி நாள்தோறும் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்துத் தரை தோல் விரித்தது போல் இறுகினால்தான் மேலே வெள்ளை உப்புப் படியும். அப்படி விழுந்த தடங்களை மாசிப் பௌர்ணமி அன்று காலையில் அளத்து நாட்டாமை ஆதிமூலம் வரப்பு வரப்பாக நடந்து பார்ப்பார். இது இன்னார் வீட்டுக் கால் என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வருஷத்துக்குப் பாத்தி அந்த வீட்டுக்கு. தடம் இல்லாத பாத்தி பங்காளிக்குப் போய்விடும். அந்த ஊரில் அதைவிடப் பெரிய சட்டம் இருந்ததில்லை.

வெள்ளியின் விலை இருபது வருஷமாக இறங்கிக்கொண்டே வந்ததை எண்ணிக்கையில் அறிந்திருந்தவர் காசுக்கடை திருவம்பலம் செட்டியார் ஒருவர்தான். மற்றவர்கள் அதைக் காலில் அறிந்திருந்தார்கள். தாய்க்குக் கணுக்காலில் தழும்பு ஏற்படுத்திய தண்டையே மகள் காலுக்கு வந்தபோது, போட்டிருப்பதே தெரியவில்லை என்றாள் மகள், அதற்குப் பின் வந்த மருமகள்கள் சற்றுக் குதித்தாற்போல் நடந்தார்கள், மாமியார்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கப் பவுனை ரூபாயாக மாற்றிக் கொடுப்பது செட்டியாரின் தொழில். பம்பாய் விலை தூத்துக்குடிக்குத் தந்தியில் வந்து, அங்கிருந்து ஆள் மூலம் அவருக்கு வரும். ஜெர்மனிக்காரன் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்குப் போய்விட்டான், பிரான்ஸ்காரன் வெள்ளிக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டான், அமெரிக்காக்காரனோ மலையைக் குடைந்து வெள்ளியை அள்ளிக்கொண்டே இருக்கிறான், அதனால்தான் இப்படி என்று அவர் சொல்வார். கேட்டவர்கள், அந்த மூன்று நாட்டுக்காரர்களும் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் கார்த்திகையில் செட்டியார் ஒரு நல்ல செய்தி சொன்னார். பிரசெல்ஸ் என்ற பட்டணத்தில் இருபது ராஜ்யங்களின் கனவான்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பங்கு தங்கத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கை ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், ஒப்புக்கொண்டால் வெள்ளி இனி இறங்காது. ஊர் அந்தக் கூட்டத்தைத் தன்னுடைய கூட்டத்தைப் போலவே நினைத்துப் பார்த்தது. அவர்கள் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் வெற்றிலைத் தட்டு இருக்கும், யாராவது ஒருவர் பழைய சண்டையை எடுப்பார், இன்னொருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவதுபோலப் போய்த் திரும்பி வருவார். அந்தக் கார்த்திகை முழுவதும் உப்பங்கோடிப் பெண்களின் கால் தரையில் நன்றாகப் பதிந்தது.

மார்கழி பிறந்து சில நாளில், விடிந்ததும் கிணற்றுக்குப் போன பெண்கள் எல்லோரும் தரைக்கு மேலே நடந்து போனார்கள்.

உயரம் மூன்றரை விரற்கடை என்று சொன்னவர்களும் உண்டு. ஆதிமூலம் தம் மனைவியின் காலுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு நான்கு என்றார், அதுவே நிலைத்தது. பிற்பகலில் செட்டியாருக்கு ஆள் வந்தது. கனவான்கள் எந்த முடிவுக்கும் வராமல், வைகாசியில் மறுபடி கூடுவதென்று கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்குள் செட்டியாரின் பணப்பைகளும் பெட்டியை விட்டுக் கிளம்பி உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றுமுதல் சில்லறை கேட்டு வந்தவர்களிடம் அவர், பொறும், ஏணி எடுக்கணும் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

வெள்ளி எங்கே இருந்ததோ அந்த இடத்தைத்தான் அது தூக்கியது. ஆண்களின் வெள்ளி அரைஞாண் நெஞ்சுவரை ஏறிக் கூச்சம் காட்டியதால் அவர்கள் அதைக் கழற்றி அம்மிக்கு அடியில் வைத்தார்கள். குழந்தைகளின் அரைஞாணைத் தொட்டில் கம்போடு சேர்த்துக் கட்டினார்கள். முந்தானையில் கூலிக்காசை முடிந்துகொண்டவளின் முடிச்சு பாம்பு படம் எடுத்ததுபோல் மேல்நோக்கி நின்றது. மாதா கோவிலில் வெள்ளிக் கிரீடம் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து நின்றபோது, அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அம்மன் கோவிலில் சிலம்பு அணிந்த அம்மன் பீடத்தை விட்டு எழும்பி நின்றாள். பூசாரி இரண்டு நாள் யோசித்து, அந்த இடைவெளியை அரளிப்பூவால் நிரப்பினார்.

பாரம் ஏற்றினால் இறங்கிவிடும் என்று சிலர் பெண்கள் தலையில் உப்பு மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். அந்த நான்கு விரற்கடை ஒரு நூல்கூடக் குறையவில்லை. குறையாதது மட்டுமல்ல, பெண்களுக்கு அது நல்லதாகவும் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புநீர் இறங்கி எரிந்துகொண்டே இருக்கும். அந்த மார்கழியில் பாதங்கள் ஆறின. கருவேல முள் குத்தவில்லை, வாசலில் போட்ட கோலம் கலையவில்லை, கொதிக்கும் மணலில் நடுப்பகலில் நின்று பேசினார்கள். அறுபது வயதுக்காரி ஒருத்தி தன் பாதத்தைத் தடவிப் பார்த்து, இது என் காலே இல்லை, கலியாணத்துக்கு முன்னால் இருந்த காலை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்றாள்.

தை வந்தது, பாத்தி மிதிக்கும் வேலையும் வந்தது. தண்டையைக் கழற்றத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் மெட்டியைக் கழற்ற முடியாது. கலியாணத்தில் கணவன் தன் கையால் விரலில் போட்ட மெட்டியை அவன் கைதான் கழற்ற வேண்டும், தேய்ந்துபோனாலும் அவன்தான் மாற்றிப்போட வேண்டும், வேறு கை கழற்றினால் அவன் செத்துவிட்டான் என்று அர்த்தம். தண்டை இல்லாமல் மெட்டி மட்டும் இருந்தாலும் அதே நான்கு விரற்கடை. ஆகவே நல்ல நாள் பார்த்து அம்மன் கோவில் முன்பு கணவன்மார் வரிசையாகக் குனிந்து, வெள்ளி மெட்டியைக் கழற்றிப் பித்தளை மெட்டி போட்டார்கள். பாதிப் பெண்கள் அன்று தரைக்கு இறங்கினார்கள். மீதிப் பேர், நீர் மிதியும், நான் இப்படியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆதிமூலத்தின் மனைவி அந்த மீதியில் ஒருத்தி.

இரண்டிலும் சேராதவள் மாடத்தி.

அவள் புருஷன் பலவேசம் கலியாணமான மறுவருஷம் கொழும்புத் துறைமுகத்தில் கல் சுமக்கப் போனவன். முதல் ஆறு மாதம் ஊர்க்காரர் யாராவது மூலம் சேதி வந்தது, பிறகு வரவில்லை. போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமனார் மாமியார் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது கிழக்கு வரப்பை ஒட்டிய ஒரு பாத்தி. முந்தைய தை மாதம் அதை அவள் தனியாக மிதித்தாள். அகலமான, விரல் விரிந்த கால். ஆதிமூலம் பார்த்துவிட்டு, இந்த அளத்திலேயே அழுத்தமான மிதி இதுதான் என்று சொல்லியிருந்தார். இப்போது அவள் ஈரக் களிமண்ணுக்கு மேலே காலை ஓங்கி ஓங்கி வைத்தாள். அடியில் களி வாய் திறக்கவே இல்லை.

பலவேசத்தின் அண்ணன் ஐயம்பெருமாள் தன் பாத்தியை மிதித்துக்கொண்டே இதைப் பார்த்தான். அவனுக்கு நான்கு பெண்பிள்ளைகள், இரண்டு பாத்தி. அவனைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அவன் கணக்குப் போடுகிறவன், அவ்வளவுதான். மாசிப் பௌர்ணமிக்கு முதல்நாள் உப்புக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் கூடியபோது அவன் எழுந்து, கோபம் இல்லாமல், அவளையே பார்த்துச் சொன்னான்.

"எம் தம்பி உயிரோட இருக்கான்னா நீ மெட்டியோட இரு. ஆனா உன்னால மிதிக்க முடியாது, மிதிக்காத பாத்தி பங்காளிக்கு. அவன் இல்லன்னா மெட்டியைக் கழத்திட்டு மிதி. ஆனா பிள்ளை இல்லாம தாலி அறுத்தவளுக்குப் பாத்தி கிடையாது, அதுவும் பங்காளிக்கு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு, மாடத்தி. நான் ஒண்ணும் சொல்லல."

இரண்டு வழியும் ஒரே வீட்டுக்குப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். சட்டமும் அவன் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆதிமூலம் தம் துண்டின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பாத்தி போனால் மாடத்தி அடுத்தவர் அளத்தில் கூலிக்குத்தான் போக வேண்டும். மெட்டியைக் கழற்றினாலோ, பலவேசத்தை அவளே கொன்றதாகும். மாடத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாட்களில் பெண்கள் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொள்வார்கள்.

"அத்தான், எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள். "நான் ஏன் மேல நிக்கேன்?"

"இது என்ன கேள்வி? வெள்ளிக்குக் கனம் போச்சு."

"ஏன் போச்சு?"

ஐயம்பெருமாள் செட்டியாரைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். செட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரசெல்ஸில் இருபது ராஜ்யத்தாரும் பேசி முடிவு காணாததையும், வைகாசிக்குத் தள்ளிவைத்ததையும் மறுபடி சொன்னார்.

"அப்ப எங்காலு வழக்கு அங்க நிலுவையில இருக்கு," என்றாள் மாடத்தி. "நாட்டாமை ஐயா, அவுக இருபது ராசா வீட்டு ஆளுக. கோட்டு போட்டுக்கிட்டு ஒரு மாசம் உக்காந்து பேசியும் முடியல, தள்ளி வச்சிட்டுப் போயிருக்காக. நாம ஒரு பொழுதுல முடிக்கணும்னு என்ன அவசரம்? அவுக கூடி ஒரு முடிவு சொல்லட்டும். அதுக்கு அப்புறமும் எங்காலு மேலயே நின்னா, நானே வரப்புல இருந்து இறங்கிப் போயிருதேன்."

ஆதிமூலம் அவ்வளவு சீக்கிரம் தலையை நிமிர்த்தி யாரும் பார்த்ததில்லை. இருபது ராஜ்யங்கள் செய்த ஒரு காரியத்தைத் தாமும் செய்யலாம் என்பது அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். பிரசெல்ஸ் கூட்டம் மறுபடி கூடி, முடிவு சொல்லி, எழுந்து போகும்வரை கிழக்குப் பாத்தி மாடத்தி காலுக்கு. அதுவரை வேறு ஆண்கால் அவள் சொல்லாமல் அதில் இறங்கக் கூடாது. அதில் என்ன விளைந்தாலும் அவளுக்கு.

பின்வரிசையில் ஒருவன், அப்படியானால் தன் வாய்க்கால் தகராறையும் பிரசெல்ஸுக்கே அனுப்பிவிடலாமே என்று கேலியாகச் சொன்னான். சிரித்தார்கள். ஆனால் மறுவாரமே அவனும் அவன் பக்கத்து வீட்டுக்காரனும் வந்து, நிஜமாகவே தள்ளிவைக்க முடியுமா என்று ஆதிமூலத்திடம் தனியாகக் கேட்டார்கள். அவர் தள்ளிவைத்தார். அதன் பிறகு ஒரு பொதுச்சுவர் வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. மாமியாரும் மருமகளும் தனி அடுப்பு வைப்பது தள்ளிவைக்கப்பட்டது. பூசாரி அம்மன் நகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது, ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் உரிமை கோரியது, எல்லாம் தள்ளிவைக்கப்பட்டன. மாடு அதுவரை ஒரு நாள் இந்த வீட்டிலும் ஒரு நாள் அந்த வீட்டிலும் கறந்தது. ஐயம்பெருமாளின் பெயரிலும் ஒரு வழக்கு இருந்தது. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அவன் அடுத்தவன் பாத்தியில் திறந்துவிட்டு அவனுடைய விளைச்சலைக் கெடுத்திருந்தான், அதற்கு அபராதம் கட்ட வேண்டும். முதலில் அவன் கூச்சப்பட்டான், பிறகு அதையும் தள்ளிவைக்கச் சொன்னான். சண்டை போட்டவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால், வைகாசி வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு பேச வேறு எதுவும் இல்லாததால், மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

மிதிக்காத பாத்தியில் மாடத்தி நீர் பாய்ச்சினாள். தரை இளகியே கிடந்ததால் உப்பு வெள்ளையாக வரவில்லை, களி கலந்து சாம்பல் நிறத்தில் வந்தது. உப்பை எடைபோட்டு எடுக்கும் தராசுக்காரன் அதை வாங்க மாட்டேன் என்றான். அவள் கூடையில் அள்ளி, மீனவர் குப்பத்துக்குக் கொண்டுபோய், கருவாடு போடுகிறவர்களிடம் விற்றாள். மீனுக்கு அந்த நிறம் பொருட்டில்லை. இரண்டு ஆள் சுமக்கும் சுமையை அவள் ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு, தடம் படாமல் மணலுக்கு மேலே போவாள். பாதிக் காசுதான் கிடைத்தது. அது ஒரு வயிற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

வைகாசி வந்தது. கூட்டம் கூட வேண்டிய நாளில் ஊர் வேலைக்குப் போகவில்லை. செட்டியார் கடைவாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் கொஞ்சம் மேலே நின்றிருந்தார்கள். ஆள் வந்து, ஒரு சேதியும் இல்லை என்றான். மறுநாளும் இல்லை. வைகாசி முடிந்தது. கனவான்களில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்றார் பூசாரி. இருபது பேரில் ஒருவருக்கு எப்போதும் உடம்பு சரியில்லாமல்தான் இருக்கும் என்றாள் ஆதிமூலத்தின் மனைவி.

ஆனி மாதம் பாதியில், ஒரு முற்பகலில், செட்டியார் கடையிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. உத்தரத்தில் ஒட்டியிருந்த பணப்பைகள் எல்லாம் ஒன்றாகக் கீழே விழுந்து, ஒன்று பித்தளை எச்சில் படிக்கத்தை நசுக்கி, ஒன்று செட்டியாரின் பெருவிரலில் இறங்கியிருந்தது. அதே நேரத்தில் தெருவில் பெண்களின் முந்தானை முடிச்சுகள் தொங்கின, ஆனால் அவர்களுடைய கால்கள் இன்னும் இரண்டு விரற்கடை மேலே போயின. ஒரே வெள்ளி. ராணியின் தலை அடித்தது கீழே இறங்கியது, அடிக்காதது மேலே ஏறியது. காரணம் மாலையில் வந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ள, காசு அடிக்கும் தங்கசாலைகள் கதவைச் சாத்திவிட்டன. இனி யாரும் தங்கள் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்க முடியாது. அதனால் ரூபாய்க்கு ஒரு மதிப்பு, கொலுசுக்கு ஒரு மதிப்பு.

ஐயம்பெருமாள் அன்றே கூட்டத்தைக் கூட்டினான். செட்டியார் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

முடிவு வந்துவிட்டது என்றான் ஐயம்பெருமாள். கதவைச் சாத்தியாகிவிட்டது, இதைவிட என்ன முடிவு வேண்டும், மாடத்தி கால் இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது, அவள் கொடுத்த வாக்குப்படி வரப்பை விட்டு இறங்க வேண்டும். அவன் பேச்சில் நியாயம் இருந்தது. ஆதிமூலம் செட்டியாரிடம், பிரசெல்ஸ் கூட்டம் கூடியதா என்று கேட்டார். செட்டியார் யோசித்து, அது கூடவில்லை, இது இந்த சர்க்கார் தனியாகச் செய்தது, ஆனால் இனி அது கூடும் என்று தமக்குத் தோன்றவில்லை என்றார்.

"கூடாதுன்னா முடிஞ்சதுன்னுதான அர்த்தம்," என்றான் ஐயம்பெருமாள்.

கொட்டகை அவன் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. மாடத்தி தூணை விட்டுக் கையை எடுத்தாள்.

"முடிஞ்சதுன்னு சொல்லிருவோம், அத்தான். எனக்குச் சம்மதம்," என்றாள். "ஆனா எனக்கு மட்டும் முடிஞ்சு மத்தவுகளுக்கு முடியாம இருக்குமா? எல்லாருக்கும் சேத்துத்தான முடியும்? அந்தச் சுவரு, மாடு, அம்மன் நகை, உம்ம கசப்புத் தண்ணி, எல்லாத்தையும் இப்பவே எடுத்துப் பேசிருவோம். விளக்கைப் பெருசாத் தூண்டுங்க, விடிய விடிய ஆகும்."

யாரும் விளக்கைத் தூண்டவில்லை. சுவர்க்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அன்று காலையில்தான் ஒன்றாக மீன் வாங்கியிருந்தார்கள். மாமியார் மருமகளின் கையைப் பிடித்தாள். பூசாரி மேலே பார்த்தார். ஐயம்பெருமாள் தன் காலைப் பார்த்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தான்.

"கூட்டம் கூடல," என்றார் ஆதிமூலம். "கூடாத கூட்டம் எப்படி முடியும்? கூடும்போது பாத்துக்குவோம்."

அதன் பிறகு மூன்று தை மாதங்கள் கழிந்தன. ரூபாய் ரூபாயின் கனத்தில் இருந்தது, மெட்டி ஆறு விரற்கடை உயரத்தில் இருந்தது, ஊர் இரண்டுக்கும் பழகிவிட்டது. கதவு நிலைகளை உயர்த்தி வாசல் வைத்தார்கள். மாடத்தியின் சாம்பல் உப்பில் போட்ட கருவாடு நீண்ட நாள் கெடாமல் இருக்கிறது என்று குப்பத்தில் பேர் வந்து, பாதிக் காசு முக்கால் காசானது.

நான்காவது தை பிறந்து சில நாளில் ஆதிமூலம் கடற்கரையோரம் நடந்து வரும்போது ஈர மணலில் ஒரு தடத்தைப் பார்த்து நின்றார். சுண்டுவிரல் வெளியே தள்ளிய கால். கனமான எதையோ இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த கால், ஏனென்றால் குதி ஆழமாக இறங்கியிருந்தது. அவர் திரும்பி வேகமாக ஊருக்குள் நடந்து, மாடத்தி வீட்டு வாசலில் நின்று, உன் புருஷன் வந்துகொண்டிருக்கிறான் என்று அவன் வருவதற்கு முன்பே சொன்னார்.

பலவேசம் இடுப்புத் துணியில் கொழும்பு ரூபாயைத் தைத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்றபோது அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போகும்போது அவள் தலை அவன் மூக்களவு. இப்போது கண்ணுக்கு நேர் கண். அவன் சேதி அனுப்பாததற்குக் காரணம் சொன்னான். முதலில் கால் உடைந்து படுத்துக்கிடந்தானாம், பிறகு வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததாம், பிறகு ரொம்ப நாள் ஆகிவிட்டதால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லையாம். மாடத்தி மூன்றையும் கேட்டுக்கொண்டாள். மூன்றாவதை மட்டும் நம்பினாள்.

அவன் மடியிலிருந்து ஒரு ஜோடிப் பித்தளை மெட்டியை எடுத்தான். ஊர் நடப்பைத் தோணியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். வாசல் மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் பாதத்துக்குக் கையை நீட்டினான். குனிய வேண்டியிருக்கவில்லை. வெடிப்பே இல்லாத அந்தப் பாதத்தைப் பார்த்து அவன் கை நின்றது. அவள் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கழத்தினா நான் கீழ வந்திருவேன்," என்றாள். "கீழ வந்தா வழக்கு முடிஞ்சிரும். பாத்தி உம்ம பேருக்குப் போயிரும்."

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான?"

"அதுவும் நிலுவையில இருக்கு."

அவன் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். உள்ளே வரலாமா என்று கேட்டான்.

"பிரசெல்ஸ்ல வைகாசியில கூடுவாகளாம். கூடி முடிக்கட்டும்," என்றாள் மாடத்தி. "அதுவரை உப்புக் கொட்டகையில இரும். சோறு கொண்டாரேன். நாளைக்குக் காலையில பாத்தியில இறங்கி மிதியும், நான் சொன்னேன்னு நாட்டாமைகிட்டச் சொல்லிக்கிடுதேன். கூலி உண்டு."

அவன் மிதித்தான். அந்த வருஷம் கிழக்குப் பாத்தியில் வெள்ளை உப்பு விளைந்தது. தராசுக்காரன் வாங்கினான், குப்பத்துக்காரர்கள் வந்து பழைய உப்பே வேண்டும் என்று குறைப்பட்டார்கள். ஐயம்பெருமாள் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான், பிறகு கசப்புத் தண்ணீர் வழக்கைக் கிளற வேண்டாம் என்று அவனை மெதுவாக எச்சரித்து வைத்தான். ஒவ்வொரு வைகாசியிலும் பலவேசம் செட்டியார் கடைக்குப் போய், கூடிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வருவான். இல்லை என்று அவன் வந்து சொல்லும்போது மாடத்தி சோற்றுக்குள் ஒரு கருவாட்டுத் துண்டை அதிகம் வைத்திருப்பாள். அவன் கொட்டகையிலிருந்து வீட்டு முற்றத்துக்கும், மழைக்காலத்தில் முற்றத்திலிருந்து கதவோரத்துக்கும் வந்து சேர்ந்ததை ஊர் கவனித்தது. அதைப் பற்றிக் கேட்பதை ஊர் தள்ளிவைத்திருந்தது.

கனவான்கள் திரும்பி வரவே இல்லை. பாத்தி மாடத்தியிடமே இருந்தது.

ஒரு மாசிப் பௌர்ணமிக் காலையில் ஆதிமூலம் வழக்கம்போல் தடம் பார்த்துக்கொண்டு கிழக்கு வரப்புக்கு வந்தார். பாத்தியில் ஒரு ஆளின் கால்தான் இருந்தது, சுண்டுவிரல் வெளியே தள்ளிய கால். இது பலவேசம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அவர் நகரப் போனார், நின்றார். தடங்கள் நேராகப் போகவில்லை. கொஞ்ச தூரம் போய் இடதுகால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, பக்கத்தில் வருகிறவளிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறவனின் கால்போல. இன்னும் கொஞ்ச தூரம் போய் இரண்டு காலும் முழுவதும் திரும்பி நின்று, அந்த இடத்தில் களி ஆழமாகக் குழிந்திருந்தது. அவன் முன்னால் தரை மிதிபடாமல், ஈரத்தோடு, ஆள் நிற்கும் அளவுக்கு வெறுமையாக இருந்தது.

ஆதிமூலம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு பேர் கால் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்.